எண்பது சதவீதம் பேங்க் தரும், மீதி?

வீட்டுக் கடன் என்று யார் பேச்செடுத்தாலும் வட்டி என்ன ரேட், இஎம்ஐ எவ்வளவு வரும் என்றுதான் போகும். மாதச் சம்பளக்காரர்கள் இஎம்ஐ கட்ட முடியாமல் தடுமாறுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்கள் நின்றுபோவது அதற்கு முந்தின படியில், கையிலிருந்து போட வேண்டிய பணத்தில்.

தாம்பரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு வேலை பார்க்கிறேன். லோனுக்கு ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு) வேண்டும் என்று வருகிறவர்களின் கதையெல்லாம் காதில் விழும். 2025-ல் அந்தக் கதை என் வீட்டுக்கே வந்தது. தம்பிக்கு ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை, சம்பளம் 58,000. அவன் மனைவி ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன், 28,000. பெருங்களத்தூரில் 13,000 வாடகை. இருவருக்கும் சேர்த்து வருடத்துக்குப் பத்தேகால் லட்சத்துக்குச் சற்று மேல். எந்தக் கடனும் இல்லை, சிபில் ஸ்கோர் நன்றாக இருக்கிறது. பேங்க்காரர்கள் கூப்பிட்டுக் கடன் கொடுக்கிற ரகம்.

கூடுவாஞ்சேரியில் ஏழு வருடப் பழைய ஃபிளாட் ஒன்று பிடித்துப்போனது. 42 லட்சம். "எண்பது பர்சன்ட் பேங்க் குடுக்கும்க்கா, எட்டரை லட்சம் நாம போட்டா போதும்" என்று தம்பி வந்தான். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து உட்கார்ந்தோம்.

வேல்யூவேஷன் வந்ததும் கணக்கு மாறியது. பேங்க் அனுப்பிய இன்ஜினியர் அந்த ஃபிளாட்டுக்கு 40 லட்சம்தான் மதிப்பு போட்டிருந்தார். விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில்தான் எண்பது சதவீதம். "42-க்கு அக்ரிமென்ட் போட்டிருக்கோமே சார்" என்றதற்கு அந்த ஆபீசர், "அது உங்களுக்கும் ஓனருக்கும் மேடம்" என்றார். ஆக 32 லட்சம் கடன், 10 லட்சம் கைக்காசு.

அதற்கு மேல் பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் பழைய ஃபிளாட்டை வாங்கினால் முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%. 42 லட்சத்துக்கு 3,78,000. புரோக்கருக்கு ஒரு சதவீதம், 42,000. லீகல் ஒப்பீனியன், பிராசஸிங் ஃபீஸ், எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை பேங்கில் அடமானம் வைத்ததற்கான) பதிவு என்று பேங்க் சம்பந்தப்பட்ட செலவு ஒரு ஐம்பதாயிரம். அசோசியேஷன் டெபாசிட், ஈபி பெயர் மாற்றம் என்று சில்லறைகள். நோட்டில் அடிக்கோடு போட்டபோது 15 லட்சத்தை ஒட்டி வந்தது. எட்டரை என்று ஆரம்பித்த கணக்கு.

32 லட்சத்துக்கு 8% வட்டியில் இருபது வருட இஎம்ஐ 26,766 ரூபாய். அதைக் கட்ட அவர்களால் முடியும், இப்போது கொடுக்கிற வாடகைக்கு மேல் 14,000-க்குச் சற்றுக் குறைவுதான் கூடுதல். அந்த 15 லட்சத்தைத்தான் ஒரே மாதத்தில் புரட்ட முடியாது.

இந்த எண்பது சதவீதம் பேங்க் மேனேஜர் வைத்த கணக்கு இல்லை, ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு. 2010 கடைசியில் கொண்டுவந்தார்கள். 2015 அக்டோபரில் மாற்றியதுதான் இன்றைக்கும் அடிப்படை: கடன் 30 லட்சம் வரை என்றால் 90%, 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. இதில் கவனிக்க வேண்டியது, வரம்பு வீட்டின் விலைக்கு இல்லை, கடன் தொகைக்கு. 33.33 லட்சம் விலையுள்ள வீட்டுக்கு 90% என்றால் 30 லட்சம் கடன். 37.5 லட்சம் வீட்டுக்கு 80% என்றாலும் அதே 30 லட்சம் கடன். இடையில் விலை நாலு லட்சத்துக்கு மேல் ஏறினாலும் கடன் ஒரு ரூபாய்கூட ஏறாது. ஏறினது முழுக்க உங்கள் பையிலிருந்து போக வேண்டும். கைக்காசு மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்திலிருந்து ஏழரை லட்சமாகிவிடும். செங்கல்பட்டு பக்கம் நடுத்தரக் குடும்பங்கள் பழைய ஃபிளாட் தேடுவது பெரும்பாலும் இந்த விலையிலும் இதற்குச் சற்று மேலேயும்தான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது பத்திரச் செலவு விஷயத்தில். முன்பெல்லாம் சில வங்கிகள் முத்திரைத்தாள், பதிவுச் செலவையும் வீட்டின் விலையோடு சேர்த்து, அந்த மொத்தத்துக்கு எண்பது சதவீதம் கொடுத்துவந்தன. 2012 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தியது. நாளைக்குக் கடன் வாராக்கடனாகி வீட்டை ஏலம் விட்டால் முத்திரைத்தாள் பணம் திரும்ப வராது, அதனால் அதை விலையில் சேர்க்காதே என்பது காரணம். கணக்கு வேலை பார்க்கிறவள் என்ற முறையில் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. 2015 மார்ச்சில் ஒரு சலுகை வந்தது: வீட்டின் விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் பத்திரச் செலவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி ரோட்டில் (தாம்பரம், செங்கல்பட்டு வழியாகப் போகும் நெடுஞ்சாலை) பத்து லட்சத்துக்கு ஃபிளாட் கிடைக்கும் இடம் யாருக்காவது தெரிந்தால் கமென்டில் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் மாநில அரசு 3.78 லட்சத்தை ரொக்கமாக எடுத்துவை என்கிறது. இன்னொரு பக்கம் மத்திய வங்கி, அந்தச் செலவுக்காகக் கூடுதலாகக் கடன் கொடுக்கக் கூடாது என்று பேங்க்கைத் தடுக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. நடுவில் மாட்டுகிறவன்தான் அதே மாதம் சீட்டை ஏலம் எடுக்க ஓடுகிறான்.

புது ஃபிளாட் என்றால் தமிழ்நாட்டில் இப்போது கொஞ்சம் பரவாயில்லை. 2023 டிசம்பரிலிருந்து நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பில் பதிகிறார்கள். முதல் விற்பனையில் 50 லட்சம் வரை 4%-உம் 2%-உம், மொத்தம் ஆறு. பழைய ஃபிளாட்டுக்கு ஒன்பது. வசதி குறைந்தவன்தான் பழையதைத் தேடுகிறான் என்பதை யோசித்தார்களா என்று தெரியவில்லை. பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அதுவும் சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால்தான். மறுபடியும் அந்தப் பத்து லட்சம்.

சரி, அரசாங்கம் உதவித் திட்டமே வைத்திருக்கிறதே என்று கேட்கலாம். தம்பியும் கேட்டான். பிரதமர் ஆவாஸ் யோஜனாவில் நடுத்தர வருமானக்காரர்களுக்கான வட்டி மானியம் 2017-ல் வந்தது. வருட வருமானம் 18 லட்சம் வரை உள்ளவர்களுக்கு உண்டு. 6 முதல் 12 லட்சம் வருமானப் பிரிவில் அதிகபட்சம் 2.35 லட்சம் கிடைத்தது. 2021 மார்ச் 31-ஓடு முடித்துவிட்டார்கள். தம்பிக்கு 2019-ல் கல்யாணம். வீடு பார்க்கலாம் என்று நினைத்த நேரத்தில் கொரோனா, கம்பெனியில் பாதிச் சம்பளம். அது அப்படியே போனது.

2024 செப்டம்பரில் திட்டம் 2.0 என்று திரும்ப வந்தது. இந்த முறை நடுத்தர வருமானத்தின் உச்சி 9 லட்சம். 18 இருந்த இடத்தில் 9. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதில் முதல் 8 லட்சத்துக்கு 4% மானியம், மொத்தம் 1.80 லட்சம் வரை. குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கேயும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. தம்பி வருமானத்தில் வெளியே போய்விட்டான். ஏழு வருடத்தில் விலைவாசி ஏற, சம்பளம் ஏற, நடுத்தரம் என்ற அளவுகோல் மட்டும் பாதியாக இறங்கியிருக்கிறது.

தகுதி இருந்தால் மட்டும் என்ன? அந்த 1.80 லட்சம் ஐந்து வருடத் தவணைகளில் கடன் கணக்கில்தான் வரவு வைக்கப்படும். வீடு வாங்கும் நாளில் கையில் ஒரு பைசா வராது. கைக்காசைப் புரட்டிப் பத்திரம் முடித்து வீட்டுக்குள் போனவனுக்குத்தான் உதவி. வாசலில் நிற்கிறவனுக்கு இந்தியாவில் எந்தத் திட்டமும் நேராகக் கை கொடுக்கவில்லை என்பதுதான் நான் பார்த்தவரை நிலவரம்.

கைக்காசுக்கு உதவி செய்கிறோம் என்று தனியார் கிளம்பியபோது என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 80:20 ஸ்கீம் என்று ஒரு காலத்தில் பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் வரும். 20% கட்டு, மீதியை பேங்க் பில்டருக்கு முதலிலேயே கொடுத்துவிடும், சாவி கையில் வரும்வரை வட்டியை பில்டர் கட்டுவார். கேட்க இனிப்பாக இருந்தது. பில்டர் பாதியில் நிறுத்தினால் கடன் வாங்கியவர் தலையில் விடியும், கட்டடமும் இருக்காது. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கட்டுமானம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கேற்பத்தான் பணம் விடுவிக்க வேண்டும் என்றது. 2019 ஜூலையில் தேசிய வீட்டுவசதி வங்கி, பில்டர் வட்டி கட்டும் கடன்களைத் தவிர்க்கும்படி வீட்டுக்கடன் கம்பெனிகளிடம் சொன்னது. அதற்குள் டெல்லியைச் சுற்றி நொய்டா, குருகிராம் பக்கம் ஏராளமானவர்கள் சிக்கிவிட்டார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த பில்டர்-பேங்க் கூட்டை விசாரிக்கச் சொல்லி சிபிஐக்கு உத்தரவிட்டது. அதனால் இந்தத் தடையை நான் குறை சொல்லமாட்டேன்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே வீட்டை விற்பவரே ஒரு தொண்டு நிறுவனம் வழியாக வாங்குபவரின் முன்பணத்தைக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. கொடுத்ததை விலையில் ஏற்றிவிடுவார்கள். 2008-ல் சட்டம் போட்டு, அரசு காப்பீடு செய்யும் எஃப்ஹெச்ஏ கடன்களில் அதைத் தடுத்தார்கள். ஆனால் அங்கே மாநில அரசுகளே முன்பணம் தருகின்றன. கலிஃபோர்னியாவில் 2023 மார்ச்சில் வீட்டு விலையில் 20% வரை தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கி 30 கோடி டாலர் ஒதுக்கினார்கள், இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிட்டது. அடுத்த வருடம் குலுக்கல் முறை, வருமான உச்சவரம்பும் குறைப்பு. கொடுக்க ஆரம்பித்தால் எவ்வளவு கூட்டம் நிற்கும் என்பதற்கு அது ஒரு கணக்கு.

அப்புறம் நம் வழக்கமான வழிகள். 42 லட்சம் கேட்ட வீட்டுக்காரர் வயதானவர், நல்ல மனிதர், காபி கொடுத்து உட்காரவைத்தார். டீப்பாயில் இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பத்திரத்துல முப்பது போட்டுக்கலாம்மா, மீதியக் கையில குடுத்துடுங்க. உங்களுக்கும் ஸ்டாம்ப் மிச்சம்" என்றார். முப்பதுக்குப் பத்திரம் போட்டால் கடனையும் அந்த முப்பதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள், கையில் கொடுக்கிற பணம் பன்னிரண்டு லட்சமாகும். மிச்சமாகும் பத்திரச் செலவு ஒரு லட்சம் சொச்சம். மேலும் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 269எஸ்எஸ் பிரிவு. மீறினால் வாங்கின தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கினவருக்கு. இதை நான் சொன்னதும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். "ஆடிட்டர் ஆபீசா?" என்றார். ஆமாம் என்றேன். அதன் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை.

பிஎஃப் எடுக்கலாம். ஐந்து வருடம் உறுப்பினராக இருந்தால் வீட்டுக்காக 36 மாத பேசிக், டிஏ அளவுவரை எடுக்கலாம் என்பதுதான் தம்பி விண்ணப்பிக்கும்போது இருந்த விதி. விதி தாராளமாகத்தான் இருக்கிறது, கணக்கில் பணம்தான் இல்லை. பல கம்பெனிகள் 15,000 ரூபாய் உச்சவரம்புக்குத்தான் பிஎஃப் பிடிக்கின்றன. தொழிலாளி பங்கு 1,800. கம்பெனி பங்கில் 1,250 பென்ஷனுக்குப் போய்விட, 550 சேரும். மாதம் 2,350. எட்டு வருடத்தில் வட்டியோடு சேர்த்து மூன்று லட்சத்தைத் தொட்டிருந்தது. அந்த 15,000 உச்சவரம்பு 2014 செப்டம்பரில் வைத்தது.

நகைக்கு வந்தோம். தம்பி மனைவியிடம் பதினைந்து சவரன் இருக்கிறது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடன் விதிகளை மாற்றி, சின்னக் கடன்களுக்குக் கொஞ்சம் தாராளம் காட்டியது: இரண்டரை லட்சம் வரை 85%, 5 லட்சம் வரை 80%, மேலே போனால் பழைய 75%. சேமிப்பு நாலரை, பிஎஃப் மூன்று, மாமனார் தருவதாகச் சொன்ன இரண்டு போக, 15 லட்சத்தில் துண்டு விழுந்த ஐந்தரை லட்சத்துக்கு நகை போதும். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. நோட்டை என் பக்கம் திருப்பி, இஎம்ஐ எழுதியிருந்த வரிக்குக் கீழே நகைக்கடன் வட்டியை எழுதினாள். "வீட்டுக்கு ஒண்ணு, நகைக்கு ஒண்ணு, ரெண்டு இஎம்ஐ அண்ணி. பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் எந்த வரியில எழுதறது?" தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் முறைத்தேன். அவள் கேட்டதுதான் சரி. பர்சனல் லோன் எடுத்து டவுன் பேமென்ட் போடலாம் என்று புரோக்கர் ஒருவர் யோசனை சொன்னார். அந்த இஎம்ஐயைக் கழித்துத்தான் வீட்டுக் கடன் தகுதியைப் பார்ப்பார்கள், அந்தப் பக்கம் ஏற்றினால் இந்தப் பக்கம் இறங்கும்.

தம்பி மாமனார் இரண்டு லட்சம் தருவதாகச் சொன்னார். அதை மட்டும் ஒப்புக்கொண்டோம். மருமகனுக்கு மாமனார் கொடுப்பது உறவினர் அன்பளிப்பு, வரி கிடையாது. கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்பி ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவைத்தால் போதும். நண்பர்கள் கொடுத்தால் வருடத்துக்கு 50,000 தாண்டினால் முழுத்தொகையும் வருமானமாகிவிடும், ஜாக்கிரதை.

எல்டிவி வரம்பையே, அதாவது விலையில் இத்தனை சதவீதம்தான் கடன் என்ற வரம்பையே தூக்கிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நூறு சதவீதம் கடன் கொடுத்த ஊர்கள் 2008-ல் என்ன பாடு பட்டன என்பது தெரிந்ததுதான். ஆனால் 30 லட்சம் என்ற எல்லை 2015-ல் போட்டது, பத்திரச் செலவுக்கான 10 லட்சம் எல்லையும் அதே வருடம். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஒரு சதவீத ஜிஎஸ்டி கிடைக்க 45 லட்சம் என்ற எல்லை 2019-ல். விலை மட்டும் அங்கேயே நிற்கவில்லை. முதல் வீடு வாங்குகிறவருக்காவது, குடியிருக்கத்தான் வாங்குகிறார் என்று உறுதியானால், 45, 50 லட்சம் வரை பத்திரச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட விடலாம். தம்பி கணக்கில் பேங்க்குக்குக் கூடும் பொறுப்பு மூன்று லட்சம். அவனுக்கோ அந்த மூன்று லட்சம்தான் நகையைத் தொடுவதா வேண்டாமா என்பதை முடிவுசெய்யும்.

கடைசியில் கூடுவாஞ்சேரியை விட்டுவிட்டோம். நோட்டில் விதிகளைப் பார்த்துப் பார்த்து, எந்த விலைக்கு வீடு தேடுவது என்பதை விதியே சொல்லிவிட்டது. மறைமலைநகரில் 33 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட், பன்னிரண்டு வருடப் பழையது. கடன் 30 லட்சத்துக்குள் வருவதால் 90% வரை கொடுக்கலாம். பேங்க் 85%-தான் என்றது. 90 என்பது அதிகபட்சம்தான், கேட்டு வாங்குகிற உரிமை இல்லை. 28 லட்சத்து 5,000 கடன். கைக்காசு 4.95 லட்சம், பத்திரச் செலவு 2.97 லட்சம், மற்றதெல்லாம் சேர்த்து எட்டே முக்கால் லட்சத்துக்குச் சற்று மேல். சேமிப்பு நாலரை, பிஎஃப் மூன்று, மாமனார் இரண்டு. நகை பீரோவில் இருக்கிறது.

தம்பிக்கு ஒரகடம் இங்கிருந்து பக்கம், சிங்கப்பெருமாள் கோயில் வழியாகப் போய்விடுவான். அவன் மனைவிக்குத்தான் தாம்பரம் வரை ரயிலில் கூடுதல் தூரம். இரண்டாவது அறை என்று ஒன்று இருக்கிறது, கட்டிலைப் போட்டால் பீரோ கதவு பாதிதான் திறக்கும். பீரோவை ஹாலில் வைத்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அட்வான்ஸ் இரண்டு லட்சம் செக்காகக் கொடுத்து அக்ரிமென்ட் போட்டாகிவிட்டது. இப்போது பிஎஃப் பணத்துக்குக் காத்திருக்கிறோம். கம்பெனி பதிவில் அப்பா பெயர் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, ஆதாரில் வேறு மாதிரி. ஜாயின்ட் டிக்ளரேஷன் (தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து தரும் திருத்த விண்ணப்பம்) போட்டு ஹெச்ஆர் ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறான். வீடு வாங்கும் யோசனை இருக்கிறவர்கள் ஃபிளாட் பார்க்கப் போகுமுன் பிஎஃப் தளத்தில் உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.